கற்றல் கோட்பாடுகளைப் பாட வடிவமைப்பில் எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

கேள்வி இது: "பி.எட்.டில் நடத்தைவாதம், அறிதல்வாதம், கட்டமைப்புவாதம் எல்லாம் பரீட்சைக்குப் படித்தேன். இப்போது ஓர் இ-லேர்னிங் நிறுவனத்தில் பாட வடிவமைப்பு வேலை. இங்கே எல்லோரும் டெம்ப்ளேட்டைத் திறந்து ஸ்லைடுகளை நிரப்புகிறார்கள். இந்த வேலையில் கோட்பாடுகளுக்கு உண்மையிலேயே இடம் இருக்கிறதா? இருந்தால் எதைப் பின்பற்றுவது?"

இடம் நிறையவே இருக்கிறது. "எதை" என்று கேட்பதில்தான் சிக்கல். பி.எட். பாடத்தில் இவை ஒன்றைத் தோற்கடித்து அடுத்தது வந்ததுபோல வரிசையாக வரும். அதனால் ஏதாவது ஒன்றின் பக்கம் நின்றாக வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. நடைமுறை அப்படி இல்லை. கற்றலில் மனிதர் தடுமாறும் இடங்கள் பல. ஒவ்வொரு கோட்பாடும் அதில் ஓர் இடத்தை நன்றாக விளக்குகிறது. உங்கள் கற்பவர் எங்கே தடுமாறுகிறார், அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்ற இரண்டையும் கண்டுபிடித்துவிட்டால் எந்தக் கோட்பாட்டை எடுப்பது என்பது பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடும்.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. அமெரிக்க விமானப்படையின் பயிற்சி ஆய்வில் ஆண்டுக்கணக்கில் இருந்த ராபர்ட் காக்னே 1962ல் ஒரு கட்டுரை எழுதினார். திரும்பத் திரும்பப் பயிற்சி கொடு, சரியாகச் செய்தால் ஊக்கப்படுத்து என்கிற அன்றைய கற்றல் விதிகள் ராணுவப் பயிற்சிக்கு எதிர்பார்த்த அளவு உதவவில்லை என்று அதில் வெளிப்படையாகச் சொன்னார். வேலையை அதன் உட்கூறுகளாகப் பிரிப்பது, ஒவ்வொரு கூறும் கைவந்ததா என்று பார்ப்பது, அவற்றைச் சரியான வரிசையில் வைப்பது, இவைதான் உதவின என்றார். கற்பித்தல் வடிவமைப்பு தனித் துறையாக நிமிர்ந்ததில் இந்தப் பார்வைக்குப் பெரிய பங்கு உண்டு.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பிடி கிடைக்காது. ஒரு சின்னப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். நர்சிங் முதலாண்டு மாணவிகளுக்கு டிரிப்ஸ் சொட்டுக் கணக்கு. 500 மி.லி. சலைன், 4 மணி நேரத்தில் ஏற வேண்டும். ஐ.வி. செட்டின் (பாட்டிலிலிருந்து சலைன் இறங்கும் குழாய்) உறையில் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு என்று அச்சிட்டிருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழும்படி வைக்க வேண்டும்? மொத்தம் 500 × 20 = 10,000 சொட்டு. 4 மணி நேரம் என்பது 240 நிமிடம். வகுத்தால் 41.67. அதாவது 42 சொட்டு. கணக்கு எட்டாம் வகுப்பு அளவுதான். வார்டில் தப்பினால் அதன் விலை நோயாளியின் உடம்பில் தெரியும்.

முதலில் நடத்தைவாதம். பயிற்சியாலும் உடனடி விளைவாலும் வெளியே தெரியும் நடத்தை மாறுவதே கற்றல் என்பது அது. இதைப் பழைய கதை என்று ஒதுக்குகிறவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. 1953ல் நடத்தைவாத உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் தன் மகளின் கணக்கு வகுப்பைப் பார்க்கப் போனார். இரண்டு விஷயங்கள் அவரை உறுத்தின. வேகமாக முடித்த பிள்ளையும் திணறும் பிள்ளையும் ஒரே வேகத்தில் நகர வேண்டியிருந்தது. போட்ட கணக்கு சரியா தப்பா என்பது உடனே யாருக்கும் தெரியவில்லை. அவருடைய கற்பிக்கும் இயந்திரம் இந்த இரண்டையும் சரிசெய்யப் பிறந்தது. இன்று உங்கள் மாட்யூலில் இருக்கும் "அடுத்து" பட்டனும் உடனடி ஃபீட்பேக்கும் அந்த வழியில் வந்தவைதான்.

இந்தச் சிந்தனைப் பள்ளியிலிருந்து வந்த இன்னொரு நல்ல பழக்கம் நோக்கத்தைக் கண்ணால் பார்க்கும்படி எழுதுவது. ராபர்ட் மேகர் 1962ல் இதை மூன்று பகுதியாக வைத்தார்: கற்பவர் என்ன செய்வார், எந்தச் சூழ்நிலையில், எந்த அளவுக்குச் சரியாக. "சொட்டு வீதத்தைப் புரிந்துகொள்வார்" என்று எழுதினால் அதை வைத்து எதையும் வடிவமைக்க முடியாது. "மருத்துவரின் உத்தரவும் செட்டின் உறையும் கையில் கொடுத்தால், கால்குலேட்டர் இல்லாமல், சொட்டு எண்ணிக்கையைக் கண்டுபிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, குழாயிலுள்ள ரோலரைத் திருப்பிச் சொட்டு வேகத்தைச் சரிசெய்வார்" என்று எழுதிப் பாருங்கள். பாடத்தில் பாதி தானாகவே வடிவம் பெறும். உறையைப் படிப்பதும் கற்க வேண்டிய விஷயம் என்பதே அப்போதுதான் கண்ணில் படுகிறது. வழக்கமான ஸ்லைடில் அந்த 20 என்ற எண் கேள்விக்குள்ளேயே கொடுக்கப்பட்டிருக்கும். வார்டில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள்.

ஃபீட்பேக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலான மாட்யூல்கள் கோட்டை விடுவது இங்கேதான். "தவறு. மீண்டும் முயலவும்" என்பதால் யாருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை. க்விஸில் வைக்கும் தவறான விடைகள் கற்பவர் நிஜமாகவே செய்யும் தவறுகளிலிருந்து வர வேண்டும். நம் கணக்கில் 2,500 என்று ஒரு மாணவி தேர்ந்தெடுத்தால், மணியை நிமிடமாக மாற்றவில்லை. 2 என்று தேர்ந்தெடுத்தால், 500ஐ 240ஆல் வகுத்துவிட்டு சொட்டை மறந்துவிட்டாள். 125 என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். 500ஐ 4ஆல் வகுத்து, மணிக்கு எத்தனை மி.லி. என்ற இடத்திலேயே நின்றிருப்பாள். அல்லது இதை மைக்ரோ செட் என்று நினைத்திருப்பாள். மைக்ரோ செட்டில் ஒரு மி.லி.க்கு 60 சொட்டு, அதில் போட்டாலும் 125தான் வரும். ஆகவே 125ஐத் தொட்டவரிடம் உடனே விளக்கம் கொட்டாமல், "எந்த செட் என்று எடுத்துக்கொண்டீர்கள்?" என்று இன்னொரு கேள்வி கேட்பதுதான் நல்ல வடிவமைப்பு. தப்பான விடைக்கு ஏற்ப வேறு வேறு பக்கத்துக்கு அனுப்பும் இந்த முறையை 1950களிலேயே நார்மன் க்ரவுடர் கொண்டுவந்துவிட்டார். ஸ்டோரிபோர்டில் (பாடத்தைத் திரை திரையாக எழுதிவைக்கும் வரைவு) 'பிராஞ்சிங்' என்று நாம் எழுதுவது அதுதான்.

இந்தத் தவறுகளை உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்யாதீர்கள். பாட வல்லுநரிடம், "பாடத்தில் என்னென்ன வர வேண்டும்?" என்று கேட்டால் நூறு ஸ்லைடு தருவார். "புதிதாக வருகிறவர்கள் எங்கே தப்பு செய்கிறார்கள்? நீங்கள் கடைசியாகப் பார்த்த தப்பு என்ன?" என்று கேளுங்கள்.

சரி, கற்கும்போது மனதுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கும் அறிதல்வாதத்துக்கு வருவோம். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956ல், உடனடி நினைவில் ஏழு, கூடக்குறைய இரண்டு உருப்படிகள் நிற்கும் என்றார். நெல்சன் கோவன் 2001ல் அதை ஏறக்குறைய நான்காகக் குறைத்தார். எண் எதுவானாலும் செய்தி ஒன்றுதான்: புதிய விஷயத்தை வைத்து யோசிக்கும்போது மனதில் இடம் ரொம்பக் குறைவு. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ஸ்வெல்லர் இதை எடுத்துக்கொண்டு அறிதல் சுமைக் கோட்பாட்டை உருவாக்கினார். 1985ல் அவரும் கிரஹாம் கூப்பரும் இயற்கணிதத்தில் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். புதிதாகக் கற்பவர்கள் நேரடியாகக் கணக்குப் போட்டுப் பழகுவதைவிட, முழுதும் செய்து காட்டிய கணக்குகளைப் பார்த்துக் கற்பது அந்தக் கணக்குகளைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ள உதவியது. எங்கே போக வேண்டும், இப்போது எங்கே இருக்கிறோம், இடையில் என்ன செய்வது என்று தேடுவதிலேயே புதியவரின் நினைவு முழுக்கச் செலவாகிவிடுகிறது. கற்க மிச்சம் எதுவும் இருப்பதில்லை.

இதை நம் பாடத்தில் எப்படி வைப்பது? முதல் கணக்கை மூன்று படியிலும் செய்து காட்டுங்கள்: மணியை நிமிடமாக்குவது, மொத்தச் சொட்டு எத்தனை என்று பார்ப்பது, வகுப்பது. இரண்டாவது கணக்கில் முதல் இரண்டு படியும் போட்டிருக்கட்டும், வகுப்பதை மட்டும் மாணவி செய்யட்டும். மூன்றாவதில் முதல் படி மட்டும் இருக்கட்டும். நான்காவது முழுக்க அவளுடையது. கடைசிப் படியிலிருந்து உதவியை விலக்கிக்கொண்டே வருவது நல்ல பலன் தருகிறது என்று அலெக்சாண்டர் ரெங்கல், ராபர்ட் அட்கின்சன் போன்றவர்களின் ஆய்வுகள் சொல்கின்றன.

திரையில் எதை எங்கே வைப்பது என்பதற்கும் இதே கோட்பாடுதான். படம் மேலே, அதன் விளக்கம் கீழே, நடுவில் எண்கள் என்று வைத்தால் கண் அலைகிறது. அலையும் ஒவ்வொரு முறையும் நினைவிலிருந்து கொஞ்சம் கழிகிறது. விளக்கத்தைப் படத்தின் உறுப்பின் மேலேயே எழுதுங்கள். திரையில் இருக்கும் வாக்கியங்களையே குரலும் அப்படியே வாசிப்பது இன்னொரு பரவலான வழக்கம். ரிச்சர்ட் மேயரின் ஆய்வுகள் படத்தோடு குரல் மட்டும் இருப்பதே மேல் என்று காட்டுகின்றன. ஆனால் அவரே இதற்கு விலக்கும் சொல்கிறார். சொற்கள் பழக்கமில்லாதவை என்றாலோ, பாட மொழி கற்பவரின் தாய்மொழி இல்லை என்றாலோ எழுத்தும் உடன் இருப்பது உதவும். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஆங்கிலத்தில் நர்சிங் படிக்க வரும் மாணவிக்கு இந்த விலக்குதான் விதி. வெளிநாட்டு டெம்ப்ளேட்டை வைத்துக்கொண்டு, திரையில் எழுத்து கூடாது என்று அடம்பிடித்தால் அந்த மாணவியைக் கைவிடுகிறோம் என்று அர்த்தம்.

இன்னொரு கண்டுபிடிப்பு உண்டு. என்னைக் கேட்டால் ஒரு வடிவமைப்பாளர் மற்ற எதை மறந்தாலும் இதை மறக்கக்கூடாது. ஸ்லாவா கல்யுகாவும் ஸ்வெல்லர் குழுவினரும் 2003ல் இதைத் தொகுத்துக் காட்டினார்கள்: புதியவருக்கு உதவும் அதே வழிகாட்டல் அனுபவசாலிக்கு இடைஞ்சலாகிறது. பத்து வருடம் வார்டில் இருந்த ஸ்டாஃப் நர்ஸுக்கு மூன்று படிக் கணக்கைச் செய்து காட்டினால், அவருக்கு மனதில் இருக்கும் வழியோடு உங்கள் வழியையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை கூடுகிறது. அவருக்கு நேரடியாகச் சிக்கலான ஒரு நிலைமையைக் கொடுக்க வேண்டும்: பாதி பாட்டில் ஏறியபின் உத்தரவு மாறுகிறது, மிச்சம் இவ்வளவு, இப்போது என்ன வீதம்? ஒரே மாட்யூலைப் புதியவருக்கும் பழையவருக்கும் சேர்த்துக் கேட்கும் வாடிக்கையாளரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். முதலில் ஒரு சிறு முன்தேர்வு வைத்து இரண்டு பாதையாகப் பிரித்தால்கூடப் போதும்.

கட்டமைப்புவாதத்தின் இடம் இதற்குப் பின்னால்தான் தெளிவாகிறது. மாணவி வெற்றுப் பலகையாக வருவதில்லை, ஏற்கெனவே தெரிந்ததன் மேல் தானே அறிவைக் கட்டிக்கொள்கிறாள் என்பது அதன் அடிப்படை. பியாஜே, வைகாட்ஸ்கி, ப்ரூனர் என்ற மூன்று உளவியலாளர்களும் வேறு வேறு வழியில் இதைச் சொன்னார்கள். மேலே சொன்னபடி சொட்டுக் கணக்கைப் பழகிய மாணவிக்குச் சூத்திரம் கைவந்திருக்கும், ஆனால் அது மனப்பாடமாகவே நின்றுபோகலாம். 20 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் இருக்காது. ஸ்கில் லேபில் (செய்முறைப் பயிற்சி அறை) ஓர் ஊசியில்லாத சிரிஞ்சின் உள்தண்டை எடுத்துவிட்டு, நுனியை மூடி நிமிர்த்திப் பிடித்து, செட்டிலிருந்து அதற்குள் சொட்டுகளை எண்ணி விடச் சொல்லுங்கள். இருபது எண்ணும்போது ஒரு மி.லி. கோட்டைத் தொடும். பிறகு மைக்ரோ செட்டை வைத்து எண்ணச் சொல்லுங்கள், சொட்டின் பருமனே வேறாக இருக்கும். இதைச் செய்தவருக்கு 125 என்ற தவறு வருவது குறையும். சூத்திரத்தை மறந்தாலும் அவரால் அதை மறுபடி உருவாக்கிக்கொள்ள முடியும்.

இதில் கவனிக்க வேண்டியது, எதை எண்ணுவது, எதனோடு ஒப்பிடுவது என்பதை நாம்தான் ஏற்பாடு செய்தோம். "தாங்களே கண்டுபிடிக்கட்டும்" என்று விட்டுவிடவில்லை. 2006ல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் வழிகாட்டல் குறைந்த கற்பித்தல் பலன் தருவதில்லை என்று கடுமையாக எழுதினார்கள். அடுத்த ஆண்டு மெலோ-சில்வர், டங்கன், சின் மூவரும், பிரச்சினை வழிக் கற்றலில் வழிகாட்டல் ஏராளமாக இருக்கிறது, அதை வழிகாட்டல் குறைந்த முறைகளின் பட்டியலில் சேர்த்தது தவறு என்று பதில் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் படித்துப் பார்த்தால், எவ்வளவு உதவி, எப்போது, யாருக்கு என்ற கேள்விதான் மிஞ்சுகிறது. வைகாட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலமும் அதைத்தான் கேட்கிறது: தனியாகச் செய்ய முடியாது, துணை இருந்தால் முடியும் என்கிற அந்த இடைவெளி எங்கே? சாரக்கட்டு (கற்பவர் தானே செய்யும்வரை கொடுக்கும் தற்காலிக உதவி) என்று நாம் படித்த சொல்லைக் கற்பித்தலுக்குக் கொண்டுவந்தவர்கள் வுட், ப்ரூனர், ராஸ் (1976). சிறு பிள்ளைகள் மரக்கட்டைகளை அடுக்கிப் பிரமிடு செய்யும்போது பயிற்றுநர் எப்படி, எவ்வளவு உதவினார் என்று பார்த்த ஆய்வு அது.

தமிழ்நாட்டில் பி.எட். படித்த உங்களுக்கு இதற்கு ஒரு நேரடி உதாரணம் தெரிந்திருக்கும். 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுக்கத் தொடக்க வகுப்புகளுக்குப் போன செயல்வழிக் கற்றல். அதன் மூலம் ஆந்திராவில் மதனப்பள்ளி அருகேயுள்ள ரிஷிவேலி பள்ளியின் அட்டை முறை. அட்டைகளில் பாடம் சின்னச் சின்னப் படிகளாக இருந்தது, பிள்ளை தன் வேகத்தில் ஏணியில் ஏறியது. இது ஸ்கின்னர் ஆசைப்பட்டது. ஒரு படி கைவந்த பிறகே அடுத்தது, இது ப்ளூமின் முழுத்தேர்ச்சிக் கற்றல். பிள்ளைகள் ஆசிரியர் முழுதும் உடனிருக்கும் குழு, ஓரளவு உடனிருக்கும் குழு, கூடப்படிக்கும் பிள்ளை உதவும் குழு, தானே செய்யும் இடம் என்று தரையில் இடம் மாறி உட்கார்ந்தார்கள். உதவி படிப்படியாக விலகுவதை வகுப்பறையின் தரையிலேயே வரைந்து வைத்த வடிவமைப்பு அது. நடைமுறையில் அட்டை தொலைவது, ஆசிரியருக்கு வேலைப்பளு கூடுவது என்று குறைகள் இருந்தன. ஆனாலும் ஒரே அறைக்குள் மூன்று கோட்பாடுகள் சண்டையில்லாமல் வேலை செய்வதைப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. 2022ல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததும் பிள்ளைக்கு இப்போது என்ன தெரியும் என்பதிலிருந்து தொடங்கும் முயற்சிதான்.

சூழலோடு சேர்ந்த கற்றல் பற்றி ஒன்று மட்டும். மானுடவியலாளர் ஜீன் லேவ் லைபீரியாவில் தையல்காரர்களிடம் வேலை பழகுகிறவர்களைக் கவனித்தார். அவர்கள் துணி வெட்டுவதிலிருந்து தொடங்குவதில்லை. இஸ்திரி போடுவது, பொத்தான் வைப்பது, விளிம்பு மடிப்பது என்று கடைசி வேலையிலிருந்து தொடங்கி, பிறகு தைக்கக் கற்று, முடிவில்தான் கத்தரிக்கோலைப் பிடிக்கிறார்கள். தப்பினால் துணியே வீணாகும் வேலை கடைசியில் வருகிறது. அதற்குள் முழுச் சட்டை எப்படி இருக்க வேண்டும் என்பது மனதில் பதிந்திருக்கும். கடைசிப் படியிலிருந்து உதவியை விலக்கும் அந்தக் கணக்கு முறையை இதனோடு வைத்துப் பாருங்கள். பரிசோதனைக்கூடமும் தையற்கடையும் ஒரே வரிசைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. நம் மாணவியும் வார்டில் முதலில் சீனியர் சொல்லும் எண்ணுக்கு ரோலரைத் திருப்பிச் சொட்டை எண்ணிப் பழகலாம். கணக்குப் போட்டு வீதத்தை முடிவு செய்வது பின்னால் வரட்டும்.

அப்புறம் மறதி. உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885லேயே மறதியின் வளைவை வரைந்து காட்டிவிட்டார். ஆனாலும் இன்றைக்கும் "40 நிமிட மாட்யூல், முடிவில் பத்துக் கேள்வி, சான்றிதழ்" என்றே கேட்கிறார்கள். ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006ல் ஓர் உரைப்பகுதியைச் சிலரை மறுபடி படிக்கச் சொன்னார்கள், சிலரைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மறுபடி படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நினைவிலிருந்து எழுதியவர்கள் முன்னால் வந்துவிட்டார்கள். பாடம் முடிந்த கையோடு வைக்கும் க்விஸ் நம்மை ஏமாற்றும் என்பது இதிலிருந்து தெரிகிறது. அந்தப் பத்துக் கேள்வியில் நான்கை மட்டும் அன்றைக்கு வையுங்கள். மூன்றை இரண்டு நாள் கழித்து, மீதியை இரண்டு வாரம் கழித்து, மொபைலுக்கு அனுப்புங்கள். செலவு கூடுவதில்லை. வாடிக்கையாளரைச் சம்மதிக்க வைப்பதுதான் வேலை.

அலுவலகத்தில் உங்கள் காதில் விழப்போகும் இரண்டு விஷயங்களை ஒதுக்கிவிடலாம். ஒருவர் காட்சி வழிக் கற்பவர், ஒருவர் செவி வழிக் கற்பவர், அவரவர்க்கு ஏற்ப நடத்தினால் நன்றாகக் கற்பார்கள் என்பது ஒன்று. 2008ல் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் ஆய்வுகளைச் சலித்துப் பார்த்து, இதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார்கள். படித்தால் 10 சதவீதம், கேட்டால் 20 சதவீதம் நினைவில் நிற்கும் என்ற கூம்புப் படம் இன்னொன்று. எட்கர் டேல் 1946ல் வரைந்த அனுபவக் கூம்பில் சதவீதமே கிடையாது. யாரோ பின்னால் ஒட்டியது.

ஏடி (ADDIE: பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயல்படுத்தல், மதிப்பீடு) என்று சொல்லும் ஐந்து கட்ட முறையையும் கோட்பாட்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 1975ல் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கிய வேலைத்திட்டத்திலிருந்து வந்தது. எதை எப்போது செய்வது என்று சொல்லும். பகுப்பாய்வில் எதைத் தேடுவது, வடிவமைப்பில் எதை முடிவு செய்வது என்பதைக் கோட்பாடுதான் சொல்ல வேண்டும்.

உங்கள் மேலாளர், "இது எந்தக் கோட்பாட்டின்படி?" என்று கேட்டால் ஒற்றைப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டோரிபோர்டில் ஓரமாக ஒரு நெடுவரிசை கூடுதலாகப் போடுங்கள். ஒவ்வொரு திரைக்கும் நேராக, இங்கே ஏன் செய்து காட்டுகிறோம், இங்கே ஏன் கேட்கிறோம், இங்கே ஏன் குரலோடு எழுத்தும் வைத்திருக்கிறோம் என்று ஒரு வரி எழுதுங்கள். காரணம் எழுத வராத திரை பெரும்பாலும் தேவையில்லாத திரையாகத்தான் இருக்கும். பிறகு அனிமேஷனுக்கு அனுப்பும் முன், அந்த ஸ்டோரிபோர்டைக் காகிதத்தில் அச்சிட்டு நான்கைந்து மாணவிகளிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். என்ன நினைக்கிறார்களோ அதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எந்தத் திரையில் பேச்சு நின்றுபோகிறதோ, அந்தத் திரையைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.